அம்பாசடர் கொதித்தால் எங்கே தேடுவது?

அம்பாசடர் என்றாலே சூடேறத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்பவர்கள் நிறைய. நம்ப வேண்டாம். மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 வரை செய்யப்பட்ட இந்த வண்டி, அக்கினி நட்சத்திர வெயிலில் ஆறேழு பேரையும் கேரியர் நிறைய மூட்டைகளையும் சுமந்துகொண்டு பல பத்தாண்டுகள் டாக்சியாக ஓடியது. நம் ஊர் வெயிலுக்கு அதன் ரேடியேட்டர் போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இன்று கொதிக்கிறது என்றால் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, அடைத்திருக்கிறது, அல்லது யாரோ கழற்றிய ஒன்றைத் திரும்ப மாட்டவில்லை.

இங்கே பேசுவது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைப் பற்றி. பிரிட்டனின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரீஸ் வகை. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. இசுசு எஞ்சின் பொருத்திய பிற்கால வண்டிகளுக்கு அளவுகள் வேறு. பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் தேடும் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அளவுகளை மட்டும் தங்கள் வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக நடப்பது என்ன? வண்டி கொதித்ததும், சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவார்கள். தீரவில்லை என்றால் ரேடியேட்டர், அப்புறம் வாட்டர் பம்ப், கடைசியில் ஹெட்டை இறக்குவது. ஒவ்வொரு கட்டத்திலும் காசு போகும். பல நேரம் குற்றவாளி முந்நூறு ரூபாய்கூடப் பெறாத பாயிண்ட் செட்டாகவோ (ஸ்பார்க் விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனை) ரேடியேட்டர் மூடியாகவோ இருக்கும். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

எப்போது சூடேறுகிறது?

சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஊரைத் தாண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறது என்றால் குறை காற்றில். ஃபேன், பெல்ட், ரேடியேட்டரின் வெளிப்பக்கத் தகடுகள் ஆகியவற்றைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று செய்கிற வேலையை நிற்கும்போது ஃபேனால் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் முள் மெல்ல மெல்ல ஏறினால் குறை தண்ணீர் ஓட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்: உள்ளே அடைத்த ரேடியேட்டர், உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ், இறக்கை அரித்துப்போன பம்ப். அதே அறிகுறியை டைமிங் பிந்திய, அதாவது ஸ்பார்க் தாமதமாக விழும் எஞ்சினும், பெட்ரோல் போதாமல் ஓடும் எஞ்சினும் காட்டும்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி ஐந்து நிமிடத்துக்குள் கொதித்தால் மூன்றில் ஒன்று: மூடிய நிலையில் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட், உள்ளே அடைபட்ட காற்று, எரிந்துபோன ஹெட் கேஸ்கட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு). மலை ஏறும்போது மட்டும் கொதிப்பது பெரும்பாலும் ஒரே பெரிய குறை அல்ல. கால் அடைப்பு, அரைத் தளர்வு என்று சின்னச் சின்னக் குறைகள் கூட்டுச் சேர்ந்தது.

வண்டியை அணைத்த பிறகு முள் கொஞ்சம் ஏறி இறங்குவது நோயே அல்ல. பம்ப் நின்றுவிட்டது, வார்ப்பிரும்பில் தேங்கிய சூடு நிற்கும் தண்ணீருக்குள் இறங்குகிறது. அதற்காக எதையும் கழற்ற வேண்டாம்.

முள் சொல்வது உண்மையா?

ஆவி, கொதிக்கும் சத்தம், வழிந்த தண்ணீர் எதுவும் இல்லாமல் முள் மட்டும் சிவப்பில் நின்றால் முதலில் மீட்டரைச் சந்தேகியுங்கள். மின்சார மீட்டர் உள்ள வண்டிகளில் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தாற்போல் வழக்கத்தைவிட மேலே நின்றால், இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரோ அதன் எர்த்தோ கெட்டிருக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் அது திருகப்பட்டிருக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பாதி வண்டிகளில் சரியாகிவிடும்.

சந்தேகத்தைத் தீர்க்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று போதும். பளபளக்கும் உலோகத்தில் அது தப்பாகக் காட்டும்; தெர்மோஸ்டாட் மேலிருக்கும் வளைகுழாயில் மங்கலான கறுப்பு பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, அங்கே குறிபார்த்து அளவெடுங்கள். 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. நூறைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால்தான் மேற்கொண்டு தேட வேண்டும்.

தண்ணீர் அளவும் மூடியும்

இனி எல்லாச் சோதனையும் குளிர்ந்த எஞ்சினில்தான். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர், கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். வழிந்த தண்ணீரைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் டப்பா இந்த வண்டியில் கிடையாது. கழுத்துவரை நிரப்பினால், சூட்டில் பெருகும் தண்ணீர் வழிகுழாய் வழியாகத் தரைக்குப் போய்விடும். மறுநாள் பார்த்து "தண்ணீர் குறைகிறது" என்று மறுபடி நிரப்புவார்கள், மறுபடி வழியும். ஒரு வாரம் நிரப்பாமல் விட்டுப் பாருங்கள். ஒரே மட்டத்தில் நின்றுவிட்டால் குறை வண்டியில் இல்லை, நிரப்புகிற கையில்.

தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோரும் ஆயிலும் கலந்ததுபோல வெளிர்ந்த குழம்பு ஒட்டியிருந்தாலோ கேஸ்கட் பகுதிக்கு நேரே போய்விடலாம். வாரக்கணக்கில் ஓடாமல் நின்று, அரைக் கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அந்த மூடிக்கடியில் கொஞ்சம் வெள்ளைப் பசை இயல்பாகவே சேரும். டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயில் தெளிவாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

மூடியின் வேலையைப் பலர் வெறும் அடைப்பான் என்று நினைக்கிறார்கள். உள்ளே அழுத்தத்தைக் கட்டிவைத்துத் தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துவதுதான் அதன் வேலை. 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மூடி ஒழுங்காக இருந்தால் கடல்மட்டத்தில் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரியில்தான் கொதிக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால்தான் மேட்டுப்பாளையத்தில் ஒன்றும் தெரியாத ரப்பர் செத்த மூடி, குன்னூர் ஏறுவதற்குள் வேலையைக் காட்டிவிடுகிறது.

மூடியைப் புரட்டி ரப்பரைப் பாருங்கள். விறைத்திருந்தாலோ, கழுத்தின் விளிம்பு ரப்பரில் ஆழமாகப் பதிந்திருந்தாலோ மாற்றுங்கள். புதிய மூடி வாங்கும்போது எண் மட்டும் பொருந்தினால் போதாது. உதட்டிலிருந்து உள்ளே ரப்பர் உட்காரும் இடம்வரை உள்ள ஆழம் ரேடியேட்டருக்கு ரேடியேட்டர் மாறும். ஆழமான கழுத்தில் குட்டை மூடியைப் போட்டால் மாட்டிக்கொள்ளும், ஆனால் ரப்பர் எதையும் தொடாது. பழைய மூடியைக் கையில் எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள். கொதிக்கிறதே என்று 13, 15 பி.எஸ்.ஐ. மூடிக்குத் தாவுவது வேண்டாத வேலை. அறுபது வருடத்து ஈயப் பற்றுவைப்பு அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

பெல்ட்டும் ஃபேனும்

கிராங்க், டைனமோ, வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்குமேல் இறங்கினால் வழுக்கும். விறைப்பாக இருந்தால் பம்ப் பேரிங் போய்விடும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னினாலோ, பெல்ட் கப்பியின் அடிப்பள்ளத்தைத் தொட்டு உட்கார்ந்திருந்தாலோ இறுக்கிப் பயனில்லை. பக்கச்சுவர்களின் பிடியில்தான் இந்தப் பெல்ட் வேலை செய்கிறது. அடியில் உட்கார்ந்த பெல்ட்டுக்குப் பிடி கிடையாது.

ஃபேனைக் கழற்றி மாட்டியவர்கள் சில நேரம் முன்பின்னாக மாட்டிவிடுவார்கள். அப்படி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் வேகம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். இறக்கையின் குழிந்த பக்கம் எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். செய்தித்தாளில் ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்து எஞ்சினைச் சற்று முடுக்கினால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் காற்று போதவில்லை. இந்தச் சோதனையின்போது தோளில் துண்டு, கழுத்தில் துப்பட்டா எதுவும் வேண்டாம்.

வெளித்தகடுகளுக்கு இடையே மண்ணும் பூச்சியும் அப்பியிருந்தால், எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே இறுகும். பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும், சாதாரண ஹோஸ் போதும். கிரில் முன்னால் பெரிய ஃபாக் லேம்ப், சங்கப் பலகை, பின்னாளில் பொருத்திய ஏ.சி. கண்டென்சர் ஏதாவது நிற்கிறதா என்பதையும் பாருங்கள். கண்டென்சர் வைத்த அம்பாசடர் கோடையில் சூடேறினால் அது அநேகமாக அந்த ஏ.சி.க்குக் கொடுக்கும் விலை.

தெர்மோஸ்டாட்: கழற்றி எறிவது வைத்தியம் அல்ல

ஹெட்டின் முன்முனையில் மேல் ஹோஸ் சேரும் வளைகுழாய்க்கு அடியில் இருக்கிறது. எஞ்சின் குறிப்பிட்ட சூட்டை எட்டும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைப்பது இதன் வேலை. இது இல்லாமல் ஓடும் எஞ்சின் நெடுஞ்சாலையில் 60 டிகிரியைத் தாண்டாமலே கிடக்கும். ஆயிலில் ஈரம் சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும், பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

சோதிப்பது எளிது. கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். மேலே 74 என்றோ 82 என்றோ பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, மேலும் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் விரல்முனை நுழையும் அளவுக்குத் திறந்துவிட வேண்டும். கொதிக்கும் தண்ணீரிலும் திறக்காவிட்டாலோ அரைகுறையாகத் திறந்தாலோ புதிது வாங்குங்கள். விளிம்பில் சின்னத் துளையும் அதில் ஆடும் ஊசியும் இருந்தால் அது மேல்பக்கம் வருமாறு மாட்டுங்கள். நிரப்பும்போது காற்று அதன் வழியாக வெளியேறும்.

82-க்குப் பதில் 74 போட்டால் வண்டி குளிர்ந்துவிடும் என்பது ஒரு நெடுநாள் நம்பிக்கை. தெர்மோஸ்டாட் தீர்மானிப்பது எஞ்சினின் கீழ் எல்லையை மட்டுமே. 105 டிகிரியில் கொதிக்கும் வண்டியில் இரண்டுமே எப்போதோ முழுதாகத் திறந்துவிட்டிருக்கும். அதன் பிறகு ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியேற்றுகிறது என்பதுதான் கணக்கு.

ரேடியேட்டரும் பிளாக்கும்

பழைய அம்பாசடரில் மிக அதிகமாகக் காணும் குறை இங்கேதான். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டரின் குழாய்கள் தட்டையானவை, உள்ளே இடைவெளி மிகக் குறுகல். முப்பது வருடம் வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு குழாய்கள் மூடியிருந்தால்கூட வியப்பில்லை.

எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்ததும் அணைத்துவிட்டு, ரேடியேட்டர் முகப்பைக் கட்டம் கட்டமாக இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அங்கே தண்ணீர் போகவில்லை. மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் சுமார் 10 டிகிரி வித்தியாசம் இருப்பது ஆரோக்கியம். வித்தியாசம் 25, 30 என்று போனால் தண்ணீர் மிக மெதுவாக நகர்கிறது, அதாவது அடைப்பு அல்லது பம்ப். வித்தியாசமே இல்லாமல் இரண்டும் கொதித்தால் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் சூடு வெளியேறவில்லை. காற்றுப் பக்கம் திரும்புங்கள்.

லேசான படிவுக்கு எலுமிச்சை உப்பு போதும். பழைய தண்ணீரை முழுதாக வடித்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்துவிட்டு, லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்து ஊற்றுங்கள். எஞ்சினைச் சூட்டுக்குக் கொண்டுவந்து 20, 30 நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். நுரைக்கும், மூடியை இறுக்க வேண்டாம். ஆறியதும் வடித்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை அலசி, கடைசியாக மீண்டும் வெறும் தண்ணீர். கழிப்பறை ஆசிட் ஊற்றிக் கழுவுகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். படிவோடு பித்தளையையும் ஈயத்தையும் தின்றுவிடும். எலுமிச்சை உப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. படிவு அடைத்துக்கொண்டிருந்த ஊசித்துளைகள் திறந்து ஒழுக ஆரம்பிக்கலாம். அது புதுக் குறை அல்ல, இதுவரை மறைந்திருந்தது.

படிவு முற்றிவிட்டால் ரசாயனம் குழாய்க்குள் நுழையவே நுழையாது. ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியின் பற்றுவைப்பைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய பட்டைக் கம்பியை விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். செம்பு-பித்தளை ரேடியேட்டரின் அருமையே இதுதான். பிரிக்கலாம், குத்தலாம், திரும்பப் பற்றலாம். தகடுகள் குழாயை விட்டுக் கழன்று பொடிந்துபோயிருந்தால் மட்டும் புதிய கோர் போடச் சொல்லுங்கள்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து மாட்டிய ஒரே மாதத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது என்ற புலம்பல் அடிக்கடி கேட்கும். காரணம் பிளாக். வார்ப்பிரும்பு விடும் துருவெல்லாம் சேறாகி, ஓட்டம் மிகக் குறைந்த இடமான நாலாம் சிலிண்டரின் பின்புறத்தில் படியும். பிளாக்கின் பின்பகுதியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து பாருங்கள். ஒரு சொட்டும் வரவில்லை என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தமல்ல, துளையைச் சேறு மூடியிருக்கிறது. அதை முழுதாகக் கழற்றிவிட்டு, வளைத்த கம்பியால் உள்ளே கிளறியபடி, தெர்மோஸ்டாட் வாயிலிருந்து ஹோஸால் தண்ணீரை அழுத்தி விடுங்கள். காப்பிப்பொடி நிறத்தில் வருவது தெளியும்வரை விடக் கூடாது. அப்படியும் தெளியாவிட்டால் பிளாக்கின் பக்கத்திலுள்ள வட்டமான கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்து நேரடியாகக் கரண்டியால் வாரத்தான் வேண்டும். எடுத்த பிளக்கைத் திரும்பப் போடக் கூடாது, புதிதுதான்.

இதோடு கீழ் ஹோஸையும் பார்த்துவிடுங்கள். பம்ப் இதன் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. ரப்பர் தளர்ந்து, உள்ளே இருக்கும் கம்பிச்சுருளும் துருப்பிடித்துப் போயிருந்தால், எஞ்சினை 2,500 ஆர்.பி.எம். வரை முடுக்கும்போது ஹோஸ் சப்பென்று ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலேட்டரை விட்டதும் பழையபடி ஆகிவிடும். நின்ற வண்டியில் எத்தனை முறை பார்த்தாலும் தெரியாது. ஒருவர் முடுக்க, ஒருவர் பார்க்க வேண்டும்.

பம்ப்பைப் பொறுத்தவரை, ஃபேனைப் பிடித்து முன்பின் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது, அடியிலுள்ள சிறு துளையில் ஈரம் கசியக் கூடாது. கசிந்தால் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. கசிகிற தண்ணீர் நேரே பேரிங்குக்குள் போகும்.

பற்றவைப்பும் பெட்ரோலும்

தண்ணீர்ப் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால், எஞ்சினே அளவுக்கு மீறிய சூட்டை உண்டாக்குகிறது. டைமிங் பிந்தினால் கலவை தாமதமாக எரிந்து, பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக ஹெட்டுக்குள் இறங்கும். பி சீரீஸ் ஹெட்டில் நடு இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே எக்ஸாஸ்ட் வாய் என்பதால் அந்த இடம் ஏற்கெனவே சூடானது, இது போதாதா?

டைமிங் தானாகவே பிந்தும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. டிஸ்ட்ரிபியூட்டரின் கேமை உரசும் பாயிண்ட்டின் ஃபைபர் கட்டை ஓட ஓடத் தேய்கிறது. தேயத் தேய பாயிண்ட் இடைவெளி குறைகிறது, பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது, ஸ்பார்க் பிந்துகிறது. யாரும் எதையும் தொடாமலே ஆறு மாதத்தில் வண்டி மந்தமாகி, சூடேற ஆரம்பிக்கும். ஃபீலர் கேஜில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வையுங்கள். கேமின் உரசும் பரப்பில் கிரீஸ் மிகக் கொஞ்சம், கடுகளவு. இடைவெளி வைத்த பிறகுதான் டைமிங். வரிசையை மாற்றினால் இரண்டும் கெடும்.

கிராங்க் கப்பியில் ஒரு வெட்டும், டைமிங் கவரில் சில முட்களும் இருக்கும். நீளமான முள் டாப் டெட் சென்டர் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை), மற்றவை அதற்கு முன் 5, 10 டிகிரிகள். சரியான டிகிரி கம்ப்ரஷனைப் பொறுத்து மாறும், உங்கள் மாடலின் மேனுவலில் உள்ளதை வையுங்கள். டைமிங் லைட்டில் பார்த்தபடி மெல்ல முடுக்கும்போது வெட்டு சீராக நகர வேண்டும். நகராமல் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பார்க்கை முந்தவைக்கும் எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன. வேக்யூம் அட்வான்ஸ் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் தட்டு நகர்ந்து, நாக்கால் அடைத்திருக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். காற்று சும்மா வந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் சூடேறும் பல வண்டிகளின் நோய் இந்தக் கிழிசல்தான்.

பெட்ரோலில் இன்று புதுச் சிக்கல் ஒன்று சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் எரிய, தன் எடைக்குப் பெட்ரோல் கேட்பதைவிட மிகக் குறைவான காற்றே போதும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டைப் பழைய அளவிலேயே வைத்து ஓட்டினால் கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்துவிடும், மெலிந்த கலவை சூடாக எரியும். நெடுஞ்சாலையில் ஓட்டிவந்து உடனே அணைத்து பிளக்கைக் கழற்றுங்கள். மூக்கு பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் கலவை போதவில்லை. சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டின் எண் அதன் துளையை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. இப்போது இருப்பதைவிட 5 எண் பெரியதைப் போட்டு மறுபடி பிளக்கைப் பாருங்கள். எஸ்.யு. கார்புரேட்டர் என்றால் அடியிலுள்ள ஜெட் நட்டை ஒரு முகம் வீதம் கீழிறக்கிப் பாருங்கள். அதற்கு முன் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் காற்று இழுக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. காற்று இழுக்கும் எஞ்சினுக்கு ஜெட் மாற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான்.

ஒரு சின்னச் சோதனையை விட்டுவிட வேண்டாம்: பத்து கிலோமீட்டர் ஓட்டிவந்து நான்கு சக்கர டிரம்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் அந்தப் பாரத்தையும் சேர்த்து இழுக்கிறது.

ஹெட் கேஸ்கட்

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால்தான் இங்கே வர வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லுபோல் இறுகினால், அது சூட்டின் அழுத்தம் அல்ல. சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது.

உறுதிசெய்ய, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். பம்ப் சுற்றினால் தண்ணீரில் வரும் சலசலப்பு நம்மைக் குழப்பும், அதற்காக. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, அந்த வாய்வரை தண்ணீர் நிரப்பி, எஞ்சினைக் கிளப்பி இரண்டு மூன்று முறை முடுக்குங்கள். சரம் சரமாகக் குமிழி வந்தால் கேஸ்கட் போய்விட்டது, அல்லது ஹெட்டில் விரிசல். ஒன்றரை நிமிடத்துக்குமேல் ஓட்டக் கூடாது. கடையில் கிடைக்கும் நீலத் திரவச் சோதனைக் கருவியும் இதையே சொல்லும். ரேடியேட்டர் வாயிலிருந்து எரிந்த வாயு அதற்குள் போனால் நீலம் மஞ்சளாகும். கம்ப்ரஷன் பார்த்தால் பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்தாற்போல் குறைந்திருக்கும்.

ஹெட்டை இறக்கினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிட வேண்டாம். நேரான எஃகு விளிம்பை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் 0.10 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் ஹெட்டை மெஷின் ஷாப்பில் முகம் சீவ வேண்டும். வால்வு சீட்டுகளுக்கு இடையில் மயிரிழை விரிசல் உண்டா என்றும் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டங்களில், டார்க் ரென்ச் வைத்து இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்த்து, அதன்பிறகு டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வுகளின் இடைவெளி) வைக்க வேண்டும்.

எதை, எப்படி நிரப்புவது

டிஸ்டில்டு வாட்டர் 70 பங்கு, கூலண்ட் 30 பங்கு. நம் சமவெளியில் தண்ணீர் உறையப்போவதில்லை. கூலண்ட் இங்கே துருவைத் தடுக்கவும் பம்ப் சீலைக் காக்கவும்தான். பாதிக்குப் பாதி கலந்தால் நல்லது என்பது குளிர்நாட்டுக் கணக்கு. கூலண்டிலுள்ள கிளைக்காலைவிடத் தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும். வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல், செம்பு, பித்தளை, ஈயப் பற்றுவைப்புக்கு ஏற்றது என்று லேபிளில் இருக்கிறதா என்று படியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்க வேண்டாம். இனிப்பாக இருக்கும், நாயும் குழந்தையும் குடித்துவிடும், கொடிய விஷம்.

வண்டியின் மூக்கு சற்று மேலே இருக்குமாறு நிறுத்தி, மெல்ல ஊற்றுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது கையால் பிதுக்கினால் காற்று வெளியேறும். மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் நகர்வது கழுத்து வழியாகத் தெரிந்ததும், இறங்கிய அளவை நிரப்பி மூடுங்கள். எவ்வளவு லிட்டர் ஊற்றினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மேனுவல் சொல்வதைவிட ஒன்றரை லிட்டர் குறைவாகப் போயிருந்தால், அந்த இடத்தில் காற்றோ சேறோ இருக்கிறது.

வழியில் கொதித்துவிட்டால்

முள் ஏறுகிறது, ஆனால் ஆவி இல்லை என்றால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் சற்று அதிக வேகத்தில் எஞ்சினை ஓடவிடுங்கள், பானட்டைத் திறந்துவிடுங்கள். ஃபேனும் பம்ப்பும் சுற்றுவதால் சூடு இறங்கும். மலைப்பாதையில் இரண்டாம் கியருக்கு மாறி, ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஏறினால் பாதி வண்டிகள் ஏறிவிடும்.

ஆவி வந்துவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். முக்கால் மணி நேரம் மூடியைத் தொட வேண்டாம். பிறகு கெட்டித் துணியை நாலாக மடித்து மூடிமேல் போட்டு, முதல் தட்டு வரை மட்டும் திருப்பி, சீறல் முழுதும் அடங்கிய பின் திறவுங்கள். பச்சைத் தண்ணீரைச் சூடான பிளாக்குக்குள் கொட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். டீக்கடையில் வெந்நீர் கேட்டு வாங்கி, எஞ்சினை ஓடவிட்டபடி சிறுகச் சிறுக ஊற்றுங்கள். ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூள், முட்டை வெள்ளை போட்டு ஒழுகலை அடைக்கும் பழைய கைவைத்தியம் ஊர்வரை கொண்டுசேர்க்கலாம். ஆனால் அது ஒழுகும் குழாயை மட்டும் தேடிப் பிடித்து அடைக்காது, நல்ல குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

எலக்ட்ரிக் ஃபேன் பொருத்தலாமா?

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு, நகர நெரிசலுக்கு மட்டும் கூடுதல் உதவியாகப் பொருத்தலாம். அதற்கு முன் சார்ஜிங்கைப் பாருங்கள். டைனமோ வைத்த பழைய வண்டி முழு வேகத்தில் தருவதே ஏறத்தாழ 22 ஆம்பியர். ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 12 அங்குல ஃபேன் பத்து ஆம்பியர் வரை இழுக்கும், அதுவும் வண்டி நிற்கும்போதுதான் இழுக்கும். ஹெட்லைட்டும் எரிந்தால் ஒரு மாலை நெரிசலில் பேட்டரி இறங்கிவிடும். ஆகவே ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டிக்கே இது பொருந்தும். ரிலேயும் தனி ஃபியூஸும் கட்டாயம். பாசிட்டிவ் எர்த் வண்டியாக இருந்தால் ஃபேனின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் எதிர்த்திசையில் சுற்றி, எஞ்சின் ஃபேன் இழுக்கும் காற்றை இது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மாட்டி முடித்ததும் அதே செய்தித்தாள் சோதனையைச் செய்து பாருங்கள்.